தொலைந்தவை: சைபர்

எங்கள் கம்பெனியில் தினமும் காலை ஒன்பதே காலுக்கு அசெம்பிளி நடக்கும். கம்பெனியில் எதற்கு அசெம்பிளி என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் இப்போது வேறு கம்பெனிகளில் நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

நிறுவனர் ஞானமுத்து சார் உசிலம்பட்டியில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். அதில் பதினேழு வருடம் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற மறுமாதமே திருநகரில் தன் வீட்டு மாடியில் 'அடைக்கலம் நெட்வொர்க்ஸ்' என்று பலகை மாட்டினார். அடைக்கலம் அவருடைய அம்மா பெயர். இப்போது வேலையில் இருக்கும் பதினோரு பேரில் பத்துப் பேர் அவரிடமே படித்தவர்கள். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே பத்து நாற்காலிகள் பின்னால் நகரும்.

அந்தப் பத்தில் ஒருவன் நான். பெயர் ஜெரால்ட். வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதும் பெட்டியோடு போகும் கையேட்டை எழுதுவதும் என் வேலை. தேதி, பொருள், பார்வை இம்மூன்றும் ஒழுங்காக இருந்தால் கடிதத்துக்குள் விஷயம் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. இதை நான் சாரின் பள்ளியில்தான் கற்றேன்.

நாங்கள் செய்வது இரண்டு செங்கல் அளவில் ஒரு பெட்டி. ஓர் இடத்தில் உள்ள கம்ப்யூட்டர், எடை மிஷின், அலாரம் எல்லாவற்றின் கேபிளும் அதில் வந்து செருகிக்கொள்ளும். ஒன்று சொல்வதை மற்றொன்றிடம் பெட்டி கொண்டு சேர்க்கும். சொல்லும் தகவல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பிரிந்து போகும். பெட்டியின் முகப்பில் ஒரு சிறிய திரை, திரையில் ஒரே வரி. 'தொலைந்தவை: 0.'

அந்த வரி சாரின் சொந்த யோசனை. கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப் போனால் பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிள்ளையைத் தொலைத்ததில்லை. பிள்ளைகளைத் தொலைக்காதவர் பாக்கெட்டைத் தொலைப்பாரா? அசெம்பிளியில் முதலில் ஒருவர் வேத வசனம் வாசிப்பார். அடுத்தவர் ஊர் ஊராகப் பெட்டிக் கணக்கு வாசிப்பார். "கொட்டாம்பட்டி, சைபர். திருமங்கலம், சைபர். உசிலம்பட்டி, சைபர்." சைபர் அல்லாத எண் வந்தால் அந்தப் பெட்டியைப் பொருத்தியவர் மதியச் சாப்பாடு வரை நிற்க வேண்டும். அவருக்கு வயது நாற்பத்திரண்டு ஆகியிருந்தாலும், மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சீட்டு வைத்திருந்தாலும்.

உலகத்தில் எந்த நெட்வொர்க்கிலும் கொஞ்சம் பாக்கெட் தொலையும். எங்கள் பெட்டியில் மட்டும் தொலையாமல் போனதற்குக் காரணம், முன்பு எங்களோடு வேலை பார்த்த ஆன்றோ. பெட்டிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அடித்தளமாக இருப்பது கெர்னல். எந்தப் பாக்கெட்டை எந்தப் போர்ட்டில், அதாவது எந்தக் கேபிள் துளையில், வாங்கி எந்தப் போர்ட்டில் வெளியே விடுவது என்று அதன் நெட்வொர்க் பகுதிதான் தீர்மானிக்கும். அதைத் திருத்தி எழுதியவர் ஆன்றோ. பெறுநர் இல்லாத பாக்கெட் வந்தால் தூக்கிப் போடாமல் பக்கத்துப் போர்ட்டுக்குத் திருப்பிவிடும்படி செய்தார். பக்கத்துப் போர்ட்டும் அடைக்கலத்தின் பிள்ளைதான். அதுவும் தூக்கிப் போடாமல் திருப்பிவிடும். இதோடு அவர் நிற்கவில்லை. தான் எத்தனை முறை திருப்பி விடப்பட்டோம் என்று குறித்துக்கொள்ள ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னலில் ஒரு குட்டி இடம் ஒதுக்கியிருந்தது. இரண்டே பிட், மூன்று வரை எண்ணப் போதும். ஆறு மாதத்தில் அதை யாரும் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார். இடத்தை மிச்சம் பிடித்ததற்காக சார் அவருக்கு அசெம்பிளியில் ஒரு மைப் பேனா பரிசளித்தார். பேனாவோடு ஆன்றோ கனடாவுக்குப் போய்விட்டார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு பால் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது. சுற்று வட்டாரப் பால் எல்லாம் காலையில் வந்து அங்கே எடை போட்டு, ஐயாயிரம் லிட்டர் ஸ்டீல் தொட்டியில் இறங்கும். தொட்டியின் குளிர் நான்கு டிகிரியில் நிற்க வேண்டும். கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்றால், பேட்டரியில் ஓடும் அலாரம், அதேபோல் பேட்டரியில் ஓடும் எங்கள் பெட்டி வழியாக நிலையப் பொறுப்பாளர் முத்திருளனின் போனுக்கும், ஜெனரேட்டர் போடும் ஆளின் போனுக்கும் செய்தி அனுப்ப வேண்டும். ஜூலை ஒன்பதாம் தேதி கம்ப்ரஸர் நின்றது. செய்தி போகவில்லை. முத்திருளன் சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தபோது தொட்டி முழுக்கத் திரிந்து கிடந்தது. அதை ஓடையில் திறந்து விட்டதில் மூன்று நாள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

அவர் புகார் எழுதினார். பதில் எழுதியவன் நான். "தாங்கள் குறிப்பிடும் நாளில் எங்கள் பெட்டியில் தொலைந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை சைபர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் தொட்டியைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." நல்ல கடிதம். அதைப் படித்த பால் சங்க மேலிடம், தவறு தொட்டியிலும் இல்லை பெட்டியிலும் இல்லை, ஆகவே முத்திருளனிடம்தான் என்று முடிவு செய்து அவருக்கு மெமோ கொடுத்தது. இன்னொரு தொட்டி கெட்டால் வேலை இல்லை.

அன்றிலிருந்து அவர் தொட்டியை விட்டு நகரவில்லை. கையில் ஒரு தெர்மாமீட்டர். பக்கத்தில் நாற்காலி. மணிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்பார். மனைவி சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து, "சார், பெட்டி நல்லாத்தான இருக்கு?" என்று கேட்பார். கையேட்டில் என் எண் அச்சாகியிருந்தது.

அந்தப் பத்துப் பேரில் சேராத பதினோராவது ஆள் ரூபினா. கீழவாசல் பக்கம் வீடு. அவளுடைய அத்தாவுக்கு அங்கே பாய்க் கடை. சேர்ந்த முதல் நாள் சார் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்தோம். அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அன்று மதியம் வரை அதுதான் ஆபீசில் பேச்சு.

உசிலம்பட்டிப் புகாரைக் கிளறியவளும் அவள்தான். யாரும் கேட்கவில்லை. அதே மாதிரி ஒரு பெட்டியை மேசையில் வைத்து, ஒரு கேபிளைப் பிடுங்கினாள். பத்து நொடியில் பெட்டி சூடேற ஆரம்பித்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்கண்ணே."

தொட்டேன். தோசை வார்க்கலாம்.

"ஒரே ஒரு பாக்கெட். எடை மிஷினுக்குன்னு வந்துச்சு, மிஷின் இல்ல. ஒண்ணாம் போர்ட் ரெண்டுக்கு அனுப்புது, ரெண்டு ஒண்ணுக்கு அனுப்புது. செகண்டுக்கு லட்சம் தடவ. அது சுத்துற சுத்துல பெட்டிக்கு வேற யாரையும் பாக்க நேரமில்ல. அலாரம் வந்து கதவத் தட்டுனாலும் காதுல விழாது."

"ஆனா சைபர்னு காட்டுதே."

"தொலஞ்சாத்தான நம்பர் ஏறும்? அதுதான் தொலையலையே. உள்ளேயே பத்திரமா சுத்திக்கிட்டு இருக்கு."

எனக்குக் கடிதம்தான் தெரியும். அதனால் அந்த வழியில் கேட்டேன். "தப்பான விலாசத்துக்குப் போன தபால் ஆபீஸ் ஆபீஸா அலையும். ஆனா போற ஒவ்வொரு ஆபீஸ்லயும் முத்திரை குத்துவானே. நாலு முத்திரையப் பாத்தா, இது நம்மகிட்ட ஏற்கெனவே வந்ததாச்சேன்னு எவனாவது ஒருத்தன் நிறுத்திருவான்."

ரூபினா என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தாள். "அந்த முத்திரையத்தாண்ணே ஒருத்தர் தேவையில்லன்னு எடுத்துட்டாரு. அதுக்குப் பேனா வேற குடுத்திருக்காங்க."

இரண்டு பிட்டையும் அவள் திரும்ப வைத்தாள். மூன்று முறை வரை திருப்பி விடலாம். நான்காவது முறை அதே பாக்கெட் வந்து நின்றால் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. அவ்வளவுதான் திருத்தம். வரம்பை மாற்ற வேண்டிய இடங்கள் இருக்கலாம் என்று அதைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணாக வைத்தாள்: 4. கையேட்டில் அதற்கு ஒரு பத்தி எழுதினேன். 'இங்கு 0 என்று இட்டால் வரம்பு இல்லை என்று பொருள்' என்பது அந்தப் பத்தியின் கடைசி வரி. அச்சில் அழகாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அசெம்பிளியில் அவள் எழுந்து விளக்கினாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"தூக்கிப் போடுறதா?"

"ஆமா சார். நாலாவது சுத்துல."

"ஏம்மா, முப்பத்தோரு வருசத்துல நான் ஒரு பிள்ளைக்கு டிசி குடுத்து அனுப்புனதில்ல. நம்ம கம்பெனி பேரு என்ன?"

"அடைக்கலம் சார்."

"அர்த்தம் என்ன?"

"தெரியும் சார். ஆனா ஒருத்தருக்கு அடைக்கலம் குடுக்கப் போயி, வாசல்ல மத்தவங்க நிக்கிறது தெரியலைன்னா?"

பத்துப் பேரும் தரையைப் பார்த்தோம். சாரை எதிர்த்துப் பேசும்போது தரையைப் பார்ப்பது எங்கள் பள்ளி வழக்கம். பேசியவர் வேறு ஆளாக இருந்தாலும் சரி.

கடைசியில் சார் இறங்கி வந்தார். உசிலம்பட்டிப் பெட்டியில் மட்டும் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது. வெள்ளிக்கிழமை பால் சங்கத்து அதிகாரிகள் அங்கே பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் இருபத்திரண்டு நிலையங்களுக்கு ஆர்டர். அதற்குள் திரையில் சைபர் வந்து நிற்காவிட்டால் திருத்தத்தை எடுத்துவிட வேண்டும். பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டும், ஆனால் போட்டது தெரியக் கூடாது. நிபந்தனை தெளிவாக இருந்தது.

பெட்டியைப் பொருத்தப் போனவன் கருத்தக்கண்ணன். ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரன். இருபத்தேழு வருடமாக என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறான். எங்கள் இரு குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அந்த நிலையத்தில் காலைப் பால் எடுத்து முடித்ததும் பத்து மணிக்கு எடை மிஷினை நிறுத்திவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு மிஷினைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூப்பாடுகள் நான்காவது சுற்றில் குப்பைக்குப் போயின. அலாரம் தடையில்லாமல் வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை கம்ப்ரஸர் ஒரு முறை நின்றது. முத்திருளனின் போனில் பதினோராவது நொடியில் செய்தி வந்தது. அவர் எனக்குப் போன் செய்து அழாத குறையாகச் சொன்னார்.

அசெம்பிளியில் அந்த விவரம் வாசிக்கப்படவில்லை. அதற்கு வழக்கமில்லை. வாசிக்கப்பட்டது இதுதான்: "உசிலம்பட்டி, ஏழு." மறுநாள், "உசிலம்பட்டி, நாப்பத்தொண்ணு."

கருத்தக்கண்ணன் இரண்டு நாளும் மதியம் வரை நின்றான்.

"மூட்டு கழண்டு போச்சு மாப்ள," என்றான் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில். "ஒம்பதாவதுல நின்னதக்கூட தாங்கிக்கிட்டேன். இப்ப வீட்டுல போயி மகன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"உக்காந்து வேல பாத்தேன்னு சொல்லு."

"நாளைக்கு நானே நேர்ல போறேன். சைபர் வராம திரும்ப மாட்டேன்."

அவன் எதையும் சொன்னால் செய்துவிடுவான். அதுதான் அவனிடம் எப்போதும் பிரச்சினை.

வியாழக்கிழமை அசெம்பிளியில் உசிலம்பட்டிக் கணக்கை அவன் நிலையத்திலிருந்தே போனில் வாசித்தான். சார் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"உசிலம்பட்டி, சைபர் சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். ரூபினா மட்டும் போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"கண்ணன் அண்ணே, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. அமைப்புப் பக்கத்துல நாலுன்னு இருந்துச்சு. அதச் சைபராக்கிட்டேன். மேலயும் சைபர் ஆயிருச்சு."

நாங்கள் பத்துப் பேரும் பதினோரு வருடமாக ஒரே எண்ணைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள். அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் கண்ணில் பட்டால் எங்களில் எவனும் வேறு எண்ணைப் போட்டிருக்க மாட்டான். கையேட்டின் கடைசி வரியை எழுதியவனே நான்தான். எனக்கே கை தட்டி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

"சார், சைபர்னா வரம்பே இல்லன்னு அர்த்தம்," என்றாள் ரூபினா. "பழையபடி சுத்த ஆரம்பிச்சிரும். பத்து மணிக்கு எடை மிஷின நிறுத்துனதும் பெட்டி நின்னுரும். இப்பவே இங்கருந்து நாலுன்னு மாத்திர்றேன்."

"வரம்பில்லாம எல்லாரையும் ஏத்துக்கிறது நல்ல விசயம்தானம்மா."

"சார், பால் கெட்டுரும்."

"நாளைக்கு அதிகாரிங்க வாராங்க. அது வரைக்கும் அந்தப் பெட்டிய யாரும் தொடக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "டே ஜெரால்டு, உசிலம்பட்டிக்கு ஒரு கடிதம் எழுது. பெட்டி சீர் செய்யப்பட்டுவிட்டது, இழப்பு சைபர், இனி கவலை வேண்டாம். கையெழுத்துக்கு எடுத்துட்டு வா."

என் மேசைக்கு வந்து தேதி போட்டேன். பொருள் எழுதினேன். பார்வை எழுதினேன். மணி ஒன்பது நாற்பது. போன் அடித்தது. முத்திருளன்.

"சார், சைபர் வந்திருச்சுன்னு உங்க ஆளு சொல்லிட்டுப் போறாரு. நெசந்தானா?"

"திரையில சைபர்தான் இருக்கு," என்றேன். பொய் இல்லை.

"அப்பச் சரி. எனக்கு ஒரு மாசமா கடவாப் பல்லு வலி சார். தாடை இந்தா இம்புட்டு வீங்கிக் கெடக்கு. கஞ்சிதான் குடிக்கேன். தொட்டிய விட்டு எங்குட்டும் போக முடியல. இன்னைக்குத்தான் மதுரைக்குப் போயி புடுங்கிட்டு வரலாம்னு இருக்கேன். பத்து மணிக்கு எடை மிஷின ஆஃப் பண்ணிட்டு பஸ் ஏறிர்றேன். போகலாமா சார்? நீங்க சொன்னாப் போறேன்."

நீங்கள் சொன்னால். இந்த ஆளுக்கு மெமோ வாங்கிக் கொடுத்தது என் கடிதம். அதே ஆள் வந்து என்னிடமே கேட்கிறார். என் எதிரே அரைகுறையாக ஒரு கடிதம், அதே ரகத்தில் இரண்டாவது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"போகாதீங்க," என்றேன்.

"சார்?"

"பல்ல நாளைக்குப் புடுங்கலாம். பத்து மணிக்கு மிஷின ஆஃப் பண்ணிட்டு, தெர்மாமீட்டரோட தொட்டிகிட்டயே உக்காருங்க. போன நம்பாதீங்க. ஜெனரேட்டர் போடுற ஆளையும் பக்கத்துல வச்சுக்கங்க."

"ஏன் சார்? சைபர்தான?"

"அதான்."

"நீங்க எழுதுன கடுதாசி அப்புடிச் சொல்லலையே சார்."

"அந்தக் கடுதாசிய மறந்துருங்க. தப்பா எழுதிட்டேன்."

பதினோரு வருடத்தில் கம்பெனி சார்பாக நான் சொன்ன முதல் முழு உண்மை அது. தேதி, பொருள், பார்வை எதுவும் இல்லாமல் வந்தது.

மேசையில் இருந்த கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டேன். சார் இரண்டு முறை கதவைத் திறந்து, "ஆச்சாடா?" என்றார். "பார்வையில ஒரு சந்தேகம் சார்," என்றேன். பார்வை எண்ணில் சந்தேகம் என்றால் அவர் காத்திருப்பார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

பத்து மணிக்கு எடை மிஷின் நின்றது. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு ரூபினாவின் திரையில் உசிலம்பட்டிப் பெட்டி பதில் சொல்வதை நிறுத்தியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். இனி மாற்ற நினைத்தாலும் இங்கிருந்து மாற்ற முடியாது. ஒரு பாக்கெட் உள்ளே தேர் இழுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு உசிலம்பட்டிப் பக்கம் கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்றது. அலாரம் அடித்துச் செய்தியைப் பெட்டியிடம் கொடுத்தது. செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு என் போனுக்கு ஒரு படம் வந்தது. முத்திருளன் அனுப்பியது. படத்தின் இடது பக்கம் எங்கள் பெட்டி. திரையில் 'தொலைந்தவை: 0'. வலது பக்கம் அவர் கை. கையில் தெர்மாமீட்டர், ஏழு டிகிரி. கீழே ஒரு வரி: 'ஜெனரேட்டர் போட்டாச்சு. பால் தப்பிச்சுது. போன்ல ஒரு மெசேஜும் வரல.'

படத்தை ரூபினாவிடம் காட்டினேன். இருவரும் சாரின் அறைக்குப் போனோம். உசிலம்பட்டியில் டீ குடித்துவிட்டு வெற்றியோடு திரும்பியிருந்த கருத்தக்கண்ணனும் அங்கேதான் இருந்தான். உட்கார்ந்திருந்தான். அந்த வாரத்தில் முதல் முறை.

சார் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சைபர்தான காட்டுது."

"பத்து மணியிலருந்து அதே சைபர்தான் சார்," என்றாள் ரூபினா. "பெட்டிக்கு மூச்சு நின்னு ரெண்டே முக்கா மணி நேரம் ஆச்சு. கண்ணு மட்டும் தெறந்திருக்கு."

"ஒரு பாக்கெட் சுத்துனா இம்புட்டு ஆகுமா?"

"அது போக எடமில்ல சார். நிறுத்தவும் ஆளில்ல."

சார் நம்பாதவராகத் தலையை ஆட்டினார். அப்போது கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லப் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

"சார், கோவிச்சுக்கிடக் கூடாது. ஒம்பதாவதுல எனக்கு அம்மை போட்டுச்சு, ஞாபகம் இருக்கா?"

"எத்தன பேருக்கு அம்மை போட்டுச்சு."

"பத்து நாள் கழிச்சு வந்தேன். லீவு லெட்டர்ல எச்.எம். கையெழுத்து இருந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்னு கிளாஸ் சார் சொல்லிட்டாரு. ஒங்ககிட்ட வந்தேன். கிளாஸ் சார் கையெழுத்து போட்டப்புறம்தான் எச்.எம். போடணும், அதான் முறைன்னு நீங்க திருப்பி அனுப்புனீங்க. அவரு மறுபடி ஒங்ககிட்ட அனுப்புனாரு."

கருத்தக்கண்ணன் விரல் விட்டு எண்ணினான்.

"திங்கள், செவ்வா, புதன். வராண்டாவுலயேதான் சார் நடந்தேன். மூணு நாளும் ரெஜிஸ்டர்ல பிரசென்ட் போட்டிருந்தாங்க. எந்த வகுப்புலயும் நான் இல்ல."

"அப்புறம்?"

"நாலாவது நாளு, மாடிப்படிக்கிட்ட வந்ததும் காம்பவுண்டுச் சுவரேறிக் குதிச்சு கம்மாய்க்குப் போயிட்டேன். அன்னையோட சுத்துறது நின்னுச்சு."

"அதுக்கு ஒன்ன முட்டி போட வச்சேன்," என்றார் சார்.

"ஆமா சார்." கருத்தக்கண்ணன் ரூபினாவைக் காட்டினான். "இந்தப் புள்ள நாலாவது சுத்துல குதிக்க விடுது. நான் போயி சுவத்த ஒசத்திட்டேன்."

சார் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். முப்பத்தோரு வருட ரெஜிஸ்டரில் இன்னும் எத்தனை பேர் வராண்டாவில் நடந்தார்கள் என்று எண்ணுகிறாரோ என்னவோ. தலை எண்ணுவதில் அவருக்கு நிகர் கிடையாது.

"சரி. நாலே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆனா 'தொலைந்தவை'ன்னு திரையில நாப்பத்தொண்ணு நிக்கிறது எனக்கு ஒத்துக்காது. அதிகாரிங்க முன்னாடி அசிங்கம். டே ஜெரால்டு, ஒழுங்கா ஒரு வார்த்தை யோசி. அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு மரியாதை வேணும்."

என் கல்வி முழுவதும் இந்த ஒரு தருணத்துக்காகத்தான் நடந்திருக்க வேண்டும். "ஓய்வு பெற்றவை," என்றேன்.

சார் அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவரும் ஓய்வு பெற்றவர். முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன பேரு வேணும்னாலும் வைங்கண்ணே," என்றாள் ரூபினா வெளியே வந்ததும். "அந்தக் கட்டத்துல இனி யாரு சைபர் போட்டாலும் ஏத்துக்காது. மாத்தி எழுதிட்டேன்."

அன்று சாயங்காலமே கருத்தக்கண்ணன் மறுபடி போய்ப் பெட்டியைச் சரி செய்தான். வெள்ளிக்கிழமை வந்த அதிகாரிகள் திரையைப் பார்த்துவிட்டு, "ஓய்வு பெற்றவை அம்பத்தாறா? பரவாயில்லையே" என்று குறித்துக்கொண்டு போனார்களாம். எதைப் பாராட்டினோம் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இப்போது எல்லாப் பெட்டியிலும் திருத்தம் ஏறிவிட்டது; அசெம்பிளியில் எண் பெரிதாக வந்தால் கை தட்டுகிறோம். கொட்டாம்பட்டியில் வெறும் மூன்றுதான் என்று அங்கே பொருத்தியவன் சோர்ந்து போய், "இதக் கூட்டுறதுக்கு எதாவது வழி இருக்காம்மா?" என்று ரூபினாவிடம் கேட்டிருக்கிறான். அவள் அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

முத்திருளனுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். தேதி போட்டேன். பார்வையில் ஜூலை மாதத்து என் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டேன். 'மேற்கண்ட கடிதத்தில் கூறப்பட்டது தவறு. ஜூலை ஒன்பதாம் தேதி செய்தி வராமல் போனதற்குக் காரணம் எங்கள் பெட்டி. பொறுப்பாளர் மீது தவறு இல்லை.' மெமோ கொடுத்த மேலிடத்துக்கு ஒரு நகல். சார் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு முறை படித்தார். நான்காவது முறை போட்டார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. முத்திருளன்தான், ஆனால் பேச்சு பாதிதான் புரிந்தது. வாயில் பஞ்சு.

"சார், பல்லு புடுங்க மதுரைக்கு வந்தேன். மெமோவ ரத்து பண்ணிட்டாங்க சார், அதச் சொல்லத்தான். அப்புறம் இன்னொண்ணு. நாற்காலில வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கேன், போனு கூவுது. கம்ப்ரஸர் நின்னுருச்சுன்னு மெசேஜு."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறமென்ன, அங்க ஜெனரேட்டர்காரனுக்கும் போயிருக்கு. நான் எந்திரிக்கப் போனேன், டாக்டரம்மா தோளப் புடிச்சு அமுக்கிருச்சு. அது புடுங்கி முடிக்கிறதுக்குள்ள அவன் போட்டுட்டான். நாலு டிகிரி சார்."

"பல்லு?"

"அது தொலஞ்சுது சார்," என்றார் முத்திருளன்.